நான் அண்ணாச்சி, அவள் அக்கா

ஜூன் 9, திங்கள்

டாக்டர் எழுதச் சொல்லியிருக்கிறார். "கோபம் வந்தா கத்தாதீங்க. ஒரு நோட்டுல எழுதுங்க, பிரஷர் தானா இறங்கும்" என்றார். பேங்கில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. முதல் வரியில் என் பெயர் கோமதிநாயகம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். என் டைரியில் என் பெயர் எதற்கு?

சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் எங்கள் செல்போன் கடை. கல்லாவில் நான். ரிப்பேர் டேபிளில் என் மனைவி ஆவுடைச்செல்வி. கவர், சார்ஜர் எல்லாம் இப்போது ஊரே ஆன்லைனில் வாங்குகிறது. அதனால் வைஃபை கேமரா விற்கலாம் என்று செல்வி சொன்னாள். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. அம்மா அப்பா மாத்திரை போட்டார்களா என்று அங்கிருந்தே பார்க்க ஆசைப்படுகிறார்களாம். நல்ல யோசனைதான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை இடித்துப் பெரிதாக்குகிறோம். கொத்தனார் ஜன்னலுக்கு ஓட்டை விட்டதோடு சரி, ஆளைக் காணோம்.

இன்று பாளையங்கோட்டையில் இருந்து ஜெபசிங் என்று ஒருவன் வந்தான். கேமரா மொத்த வியாபாரம். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தலையில் நிறைய முடி.

ஜூன் 12, வியாழன்

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. ஜெபசிங் என்னை அண்ணாச்சி என்கிறான். செல்வியை அக்கா என்கிறான். அண்ணாச்சி பெண்டாட்டி எப்படி அக்கா ஆவாள்? நான் அண்ணாச்சி என்றால் அவள் அவனுக்கு மதினி. அவள் அக்கா என்றால் நான் அத்தான். இரண்டில் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

செல்வியிடம் கேட்டேன். "இந்தப் பக்கம் கடை வச்சிருக்கிற எல்லாரும் அண்ணாச்சிதான். நீங்க காய்கறிக்காரர அண்ணாச்சின்னு கூப்பிடுதீங்க, அவரு பொண்டாட்டி ஒங்களுக்கு மதினியா?" என்றாள்.

அது சரிதான். ஆனாலும் மதினி என்பது கேலி பேசுகிற முறை, ஊர் சந்தேகப்படும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அக்கா என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கெட்டிக்காரன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று முழுக்க சோதனை. ஜெபசிங் கொண்டுவந்த மாதிரி கேமராவைப் பின் அறையில் அலமாரி மேல் வைத்து, செல்வி அதைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டாள், கரண்ட் வந்ததும் தானாக வைஃபையைப் பிடிக்கிறதா என்று பார்க்க. வெளியில் மாட்டுகிற இன்னொன்றின் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். இரண்டிலும் சிவப்பு விளக்கு எரியக் கூடாது, திருடனுக்குத் தெரிந்துவிடும் என்று அதை அணைத்து வைக்கச் சொன்னாள். இருட்டில் முகம் தெரிகிறதா, செயலி தமிழில் வருமா, மெமரி கார்டு போனால் என்ன ஆகும் என்று கேள்வி மேல் கேள்வி.

"கெட்டுப்போனா நான் கம்பெனிக்கு அனுப்பி மாசக்கணக்குல காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நீங்க மறுநாள் வேற பீஸ் தரணும். அத பில்லுலயே எழுதணும்" என்றாள்.

"எழுதித் தாரேன்க்கா. நீங்க கேக்குற மாதிரி எந்தக் கடையிலயும் யாரும் கேட்டதில்ல" என்றான் அவன்.

செல்வி சிரித்தாள். அவளுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறாள். என் வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதுகிறேன், டாக்டர் எழுதத்தானே சொன்னார்.

ஒரே கேமராவை எத்தனை போனில் பார்க்கலாம் என்று பார்க்க, செல்வி போனிலும் ஜெபசிங் போனிலும் அந்தச் செயலியை ஏற்றினார்கள். என் போனையும் கேட்டாள். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருக்கிறது. அவன் கேமரா என் போனில் எதற்கு?

ஜூன் 19, வியாழன்

ஜெபசிங் வந்தான். செல்வி மயில்நீலச் சேலை. தற்செயல்தான்.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கும் ஆள் தெரியும் என்று காட்ட வேண்டாமா? வாட்ஸப்பில் மொத்த விலைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதில் ஒரு வியாபாரி. பெட்டியைப் பார்த்தாலே கண்ணைப் பறிக்கிறது. மூன்று ஆன்டெனா. படம் ஜெபசிங் கேமராவைவிட இரண்டு மடங்கு தெளிவு என்று பெட்டியிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. விலையோ பாதி. மாதிரிக்கு ஒன்று வரவழைத்தேன்.

செல்வி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல கம்பெனி விலாசம் எங்க இருக்கு?"

"உள்ள இருக்கும்."

"உள்ள இல்ல. ஜிஎஸ்டி பில்லு?"

"மொத்தமா எடுக்கும்போது தருவாரு."

"இந்த ஆள நேர்ல பாத்திருக்கீங்களா?"

நேரில் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதுதான் வியாபாரமா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

என் கேமராவையும் பின் அறையில் எதிர்ச் சுவரில் மாட்டினேன். இதன் செயலியை என் போனில் மட்டும் ஏற்றியிருக்கிறேன். விளக்கு பச்சையில் ஜம்மென்று எரிகிறது.

ஜூன் 25, புதன்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. இங்கே மழை இல்லை, காற்று மட்டும் பேயாக அடிக்கிறது.

கட்டுமானம் நடக்கிற இடத்தில் திருஷ்டி பொம்மை கட்டவில்லையே என்று நினைவு வந்தது. வைக்கோல் வாங்கி நானே கட்டினேன். என் பழைய கோடு போட்ட சட்டை, ஒரு பழுப்புப் பேன்ட். தலைக்குச் சட்டி, அதில் மீசை, நீட்டிய நாக்கு. பின் அறை நடுவில் விட்டத்தில் தொங்கவிட்டேன். என் உயரமே இருக்கிறது.

செல்வி வந்து பார்த்தாள். "திருஷ்டி பொம்மைய வெளியிலல்லா கட்டுவாங்க. உள்ள யாரு கண்ணு படப்போகுது?"

"வாரவன் போறவன் கண்ணு."

"இங்க யாரு வாரா? ஜெபசிங் தம்பிதான் வாரான்."

தம்பியாம்.

ஜூலை 1, செவ்வாய்

கடைத்தெரு சங்கச் செயலாளர் நயினார் வந்தார். மிட்டாய்க்கடைக்காரர், பேச்சில் எப்போதும் ஒரு குத்தல். ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதும், அதற்குள் தெற்கு ரத வீதி முழுக்கக் கேமரா போட வேண்டும் என்று சங்கத்தில் முடிவாம். "திருநெல்வேலியில ஒரு பெரிய கடைக்காரன் கேக்கான். நம்ம தெரு வேலைய நம்ம தெருக்காரனுக்குக் குடுப்போம்னு நாந்தான் சொல்லிருக்கேன். பேரக் கெடுத்துராதே கோமதி" என்றார்.

இது கிடைத்தால் கடை நிற்கும். இல்லையென்றால் மறுபடியும் கவரும் சார்ஜரும்தான்.

செல்வி ஜெபசிங்கிடம் வாங்கலாம் என்றாள். நான் என் ஆளிடம் வாங்கலாம் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் பெரியப்பா பேத்தி கல்யாணம். மகள் மதுவந்தி பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்பதால் செல்வி வரவில்லை. கடைக்கு விடுமுறை விட்டு நான் மட்டும் போனேன். பந்தியில் உட்கார்ந்து சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்திருப்பேன், போன் அதிர்ந்தது. கேமராச் செயலி. காலையில் கிளம்பும்போதுதான் அதில் அறிவிப்பை முதல்முறையாகப் போட்டுவிட்டிருந்தேன். 'மனித நடமாட்டம் கண்டறியப்பட்டது.'

கடை பூட்டியிருக்கிறது. சாவி ஒன்று என்னிடம், ஒன்று செல்வியிடம். இடது கையால் படத்தைத் திறந்தேன். மங்கலாக, பின் அறை நடுவில் ஓர் ஆள். கோடு போட்ட சட்டை. ஜெபசிங்கிடமும் கோடு போட்ட சட்டை உண்டு. நான் கவனித்திருக்கிறேன்.

செல்விக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கூட்டம் காலையிலேயே முடிந்திருக்கும். ஜெபசிங்குக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். மறுபடியும் அதிர்ந்தது. அதே ஆள், இந்த முறை கொஞ்சம் நகர்ந்திருந்தான். பாயாச வாளி இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. பரிமாறியவன், "அண்ணாச்சி, பாயாசம், அண்ணாச்சி" என்று பின்னாலேயே கூப்பிட்டான். இலையை மூடினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஷட்டர் பூட்டியிருந்தது. உள்ளே விட்டுப் பூட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஷட்டரைத் தூக்கிவிட்டு, "வெளிய வாலே. அண்ணாச்சின்னா சும்மான்னு நெனச்சியோ" என்று கத்திக்கொண்டே பின் அறைக்குள் பாய்ந்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

கையோடு வைக்கோல் வந்தது.

ஜன்னல் ஓட்டையில் காற்று ஊளையிட்டது. பொம்மை என் பக்கமாக ஒரு முறை ஆடி, நாக்கை நீட்டிக்கொண்டு திரும்பியது. சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதோடு போயிருக்கலாம். ஆனால் வந்த கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. அந்தப் பொம்மையிடம் பேசினேன். எல்லாம் பேசினேன். "நான் அண்ணாச்சின்னா அவ மதினில. அவ அக்கான்னா நான் அத்தான்ல. ஒழுங்கா மொற சொல்லிக் கூப்பிடத் தெரியாதா" என்று ஆரம்பித்தது, எங்கேயோ போய்விட்டது. கடையில் அவளுக்கு எல்லாம் தெரிகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். வருகிறவர்கள் எல்லாம் அக்கா இல்லையா என்றுதான் கேட்கிறார்கள் என்றேன். "இப்போ கல்லாவுல நான் எதுக்குல? ஒன்ன மாதிரி என் சட்டைய ஒண்ணத் தொங்கவிட்டாப் போதும். பாயாசங்கூடக் குடிக்காம வந்திருக்கேன்" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. என் கேமராவின் வயரை நானே பிடுங்கி, அதில் இருந்த படங்களையும் அழித்துவிட்டேன். ஜெபசிங் கேமரா அலமாரி மேல் விளக்கு இல்லாமல் அணைந்து கிடந்தது.

சாயங்காலம் செல்வி வந்தாள். கணக்கு டீச்சரைப் பார்க்கக் காத்திருந்தாளாம், போனைச் சைலன்ட்டில் போட்டிருந்தாளாம். ராத்திரி சோறு போடும்போது அவள் கண் சிவந்திருந்தது. அழுத மாதிரியும் இருந்தது, சிரித்த மாதிரியும் இருந்தது. கேட்டேன். வெங்காயம் அரிந்தேன் என்றாள். தட்டில் எலுமிச்சம்பழச் சாதம்.

ஜூலை 8, செவ்வாய்

செல்வி சேமியா பாயாசம் வைத்திருந்தாள். இன்று என்ன விசேஷம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. வைக்கணும்னு தோணுச்சு" என்று இரண்டாவது டம்ளரையும் ஊற்றினாள்.

ஜூலை 9, புதன்

பொம்மையின் மேல் இருந்து என் சட்டையைக் கழற்றி, சாக்கை மாட்டியிருக்கிறாள். சட்டை துவைத்து இஸ்திரி போட்டு பீரோவில் இருக்கிறது. கிழிந்த சட்டைக்கு எதற்கு இஸ்திரி என்றேன். "கிழிஞ்சாலும் ஒங்க சட்ட. அது அங்க தொங்க வேண்டாம்" என்றாள். இந்தப் பெண்களுக்கு எப்போது எதில் பிடிப்பு வரும் என்று சொல்லவே முடியாது.

ஜூலை 11, வெள்ளி

வெற்றி. சங்கத்து வேலைக்கு என் ஆளிடமே வாங்கலாம் என்று செல்வி ஒப்புக்கொண்டாள். "கடை ஒங்களது. நீங்க சொன்னா சரி" என்றாள். இப்படி அவள் பேசி எத்தனை காலமாயிற்று. "ஆனா மொதல்ல ஆறு கடைக்கு மட்டும் போடுவோம். பாத்துட்டு மத்தது" என்றும் சொன்னாள்.

பொம்மையைக் கேமரா ஆள் என்று நினைத்ததே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அது பொம்மையின் தப்பு. அவ்வளவு உயரமாக நான் கட்டியிருக்கக் கூடாது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. ஆறு கடையிலும் மாட்டியாயிற்று. நயினார் கடையிலும்தான். ஜெபசிங்கைக் காணோம். செல்வியும் அவன் பேச்சை எடுக்கவில்லை. நிம்மதி.

ஜூலை 21, திங்கள்

நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை என் கல்லாவில் வைத்தார்.

"வே கோமதி. என் கடை வாசல்ல மீச வரைஞ்ச பூசணிக்கா ஒண்ணு தொங்குது, பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் அண்ணாச்சி."

"காத்து அடிக்கும்போதெல்லாம் அது ஆடுது. ஆடும்போதெல்லாம் கடைக்கு ஆள் வந்துட்டான்னு ஒன் கேமரா சொல்லுது. ராத்திரி பூரா பூசணிக்கா கடைக்கு வருதுவே. பாத்திரக்கடையில பொம்மை, துணிக்கடையில அரக்கன் மொகம். ஆறு பேரும் தூங்கி நாளாச்சு. இதுல நெசமான களவாணி வந்தா, நாங்க பூசணிக்கான்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துருவோம்."

இந்தத் தெருவில் திருஷ்டி கட்டாத கடை ஏது? பெட்டியில் ஆன்டெனா எண்ணிக்கை போட்டிருந்தான். இதைப் போடவில்லை.

சனிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் திருநெல்வேலிக் கடைக்குப் போய்விடுவதாகச் சொன்னார். என் வியாபாரிக்குப் போன் அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். குழுவைத் திறந்தேன். என்னை நீக்கியிருந்தார்கள்.

செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. டீ வைத்துக் கொண்டுவந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

ஜெபசிங்கிடம் செல்வியைப் பேசச் சொன்னேன். "நான் பேசமாட்டேன். கடைக்காரர் நீங்க, நீங்களே பேசுங்க" என்றாள்.

காலையில் இருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மத்தியானம் அடித்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பூசணிக்காய் என்றதும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"நம்ம கேமராவுல அந்தத் தொல்லை வராது. படத்துல பொம்மை இருக்கிற எடத்த மட்டும் வெரலால கட்டம் போட்டு ஒதுக்கிறலாம். அக்கா மொத நாளே அதக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. வியாழக்கிழமை நானே சரக்கோட வாரேன்" என்றான்.

பிறகு கொஞ்சம் தயங்கினான். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அத்தான்.

போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். முறை சொல்லிக் கூப்பிடுகிற விவகாரத்தை நான் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். டைரி கல்லாப்பெட்டிக்குள் பூட்டில் இருக்கிறது. செல்வியிடம் மதினி வரைக்கும்தான் பேச்சு, அத்தான் என்ற சொல் வரவே இல்லை. அதை நான் சத்தமாகச் சொன்னது ஒரே ஓர் ஆளிடம். அந்த ஆளுக்குத் தலை சட்டி, உடம்பு வைக்கோல்.

பாயாசம். பிறகு சட்டை. பிறகு 'கடை ஒங்களது'.

ஜூலை 24, வியாழன்

ஜெபசிங் வந்தான். ஆறு கடையிலும் மாற்றி மாட்டினோம். நான் ஏணியைப் பிடித்தேன், அவன் திருகினான், செல்வி ஒவ்வொரு கடைக்காரர் போனிலும் கட்டம் போட்டாள். நயினார் பூசணிக்காயைக் கையால் தள்ளித் தள்ளி ஆட்டிப் பார்த்தார். போன் அசையவில்லை. அவரே வாசலில் குறுக்கே நடந்தார். உடனே அதிர்ந்தது. "ஆக, நான் வேற பூசணிக்கா வேறன்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மீதித் தெருவுக்கும் மாட்டச் சொல்லிவிட்டார்.

ஜெபசிங் என் கண்ணைப் பார்க்காமல் வேலை பார்த்தான். கிளம்பும்போது, "அன்னைக்கு நான் போன அணைச்சு சார்ஜுல போட்டுட்டு ஜெபக்கூட்டத்துல இருந்தேன் அத்தான். பொறவுதான் பாத்தேன். மன்னிச்சிருங்க, என் போன்ல இருந்து உடனே அழிச்சிட்டேன்" என்றான். அவன் முகத்தில் கேலி இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. காதோரம் நரை தொடங்கியிருக்கிறது, இவ்வளவு நாள் அது என் கண்ணில் படவில்லை.

எல்லோரும் போன பிறகு என் போனைச் செல்வியிடம் நீட்டினேன். "அந்தச் செயலிய ஏத்திக் குடு. இடம் இருக்கு" என்றேன். அவள் ஏற்றினாள். பின் அறைக் கேமராவைத் திறந்தேன். பழைய படங்கள் தானாக அழிந்துவிடுமாம், ஒன்றை மட்டும் அவள் தனியாகச் சேமித்திருந்தாள். ஜூலை ஏழு. அன்று நாள் முழுக்கப் பொம்மை ஆடியிருக்கிறது, என் கேமரா கத்தித் தீர்த்திருக்கிறது. செல்வி பொம்மைக்குக் கட்டம் போட்டு வைத்திருந்ததால் இந்தக் கேமரா வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறது, ஓர் ஆள் வந்திருக்கிறான் என்று. அது நான்.

பார்த்தேன். கல்யாணத்துக்குப் போட்ட பட்டு வேட்டி தரையில் புரள, ஒரு வழுக்கைத் தலையன் வைக்கோலின் காலரைப் பிடித்து உலுக்குகிறான். பிறகு சிமென்ட் மூட்டையில் உட்கார்ந்து அழுகிறான். எனக்குக் குரல் உடைந்தது என்றுதான் எழுதியிருந்தேன். இல்லை, அழுதிருக்கிறேன்.

செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஸ்கூல்ல வச்சுப் பாத்தேன். கணக்கு டீச்சர் என்னம்மா அழுதீங்கன்னு கேட்டாங்க" என்றாள். பிறகு, "அழிச்சிரட்டுமா?" என்றாள்.

"இருக்கட்டும்ளா. சவுண்டு நல்லாத் தெளிவா இருக்கு" என்றேன்.